டிசம்பர் தொடக்கத்தில் பனிச்சறுக்கு: வால் தோரன்ஸா, செர்மாட்டா?

கிறிஸ்துமஸ் வாரத்தில் பனிமலை விடுதிகளின் வாடகை நம் ரிங்கிட்டுக்கு எட்டாமல் போய்விடும். அதனால் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ கிளம்பலாம் என்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல குடும்பங்கள் திட்டமிடுகின்றன. நியாயமான கணக்குதான். ஆனால் பருவத்தின் தொடக்கத்தில் தாழ்வான மலைகளில் பனியை நம்ப முடியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கெந்திங் மலை குளிர்வதும் இதனால்தான். வானம் பொய்த்தாலும், காற்று போதிய அளவு குளிர்ந்திருந்தால் இயந்திரங்களைக் கொண்டு செயற்கைப் பனியைத் தூவிவிடுவார்கள்.

எனவே எல்லோரும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். எந்த உயரத்தில் கற்றுக்கொள்ளப் போகிறோம், எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்று மட்டும் கேட்பதில்லை. கடல்மட்டத்தில் வாழும் நமக்கு அந்த இரண்டும்தான் முக்கியம்.

பிரான்சின் வால் தோரன்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. ஐரோப்பாவின் பனிச்சறுக்கு ஊர்களில் மிக உயரமானது. வழக்கமாக நவம்பர் மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் திறந்துவிடுவார்கள். முதல்முறை கற்பவர்களுக்கான சரிவுகள் விடுதி வாசலுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் அதன் பெரிய பலம். பிள்ளை விழுந்து அழுதால் ஐந்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பிவிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. வால் தோரன்ஸையும் பக்கத்துப் பள்ளத்தாக்குகளையும் சேர்த்து மூன்று பள்ளத்தாக்குகளை இணைக்கும் 600 கிலோமீட்டர் சறுக்குப்பாதை என்று விளம்பரம் சொல்லும். பருவத் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து ஊர்களான கூர்ஷெவெல், மெரிபெல் பக்கம் பெரும்பாலும் திறந்திருக்காது. ஆகவே வால் தோரன்ஸுக்கு மட்டுமான லிஃப்ட் டிக்கெட்டை வாங்குங்கள். கற்பவருக்கு அதுவே மிகுதி.

அங்கே சமையலறையுடன் கூடிய அடுக்குமாடி அறைகள் ஏராளம். கார்த்திகை மாதத்தில் சைவம் கடைப்பிடிக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு சாதாரணப் பாத்திரத்தில் லேசில் வேகாது. சிறிய குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் வேறு வகை. ஊர் 1,600 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கேபிள் கார் 3,883 மீட்டர் வரை ஏற்றிவிடும். மேலே பனியாறு இருப்பதால் ஆண்டு முழுவதும் சறுக்கலாம். பனி உறுதி என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. தாழ்வான ஊரில் தூங்குவதால் இரவில் உடலுக்கும் இதம். பயணமும் எளிது: சூரிக் விமான நிலையத்தில் ரயில் ஏறினால், விஸ்ப் நிலையத்தில் ஒரே மாற்றம், மூன்றரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். வால் தோரன்ஸுக்குப் போவதென்றால் ஜெனீவாவிலோ லியோனிலோ இறங்கி, பிறகு மலைப்பாதையில் நெடுநேரம் வளைந்து ஏற வேண்டும்.

ஆனால் ஊரை ஒட்டிய சரிவுகளில் பனி போதாத ஆண்டில், செர்மாட்டில் சறுக்குவதற்குப் பனியாறுதான் மிஞ்சும். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அதன் உச்சியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். காலணியை மாட்டுவதற்கே மூச்சு வாங்கும் இடத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகச் சறுக்கக் கற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்களுக்கும், மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்து வருவதே போதும் என்பவர்களுக்கும் செர்மாட்டைத் தயங்காமல் சொல்வேன். எட்டு வயதுப் பிள்ளையோடு புதிதாகக் கற்கப் போகும் பெற்றோருக்கு என் தேர்வு வால் தோரன்ஸ்தான்.

அதற்கும் ஒரு விலை உண்டு. 2,300 மீட்டரில் முதல் இரவு தலைவலியும் தூக்கமின்மையும் சிலருக்கு வரும். வந்த அன்றே சரிவில் இறங்காமல் ஓய்வெடுத்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள். இதய நோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கட்டும். நம்மிடையே நீரிழிவு உள்ளவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும். வெளியே போகும்போது முதுகுப்பையில் வைக்காமல், உடலோடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வையுங்கள். கடுங்குளிரில் சர்க்கரை அளக்கும் கருவியும் தவறாகக் காட்டலாம்.

காஷ்மீரின் குல்மர்க்கைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2,650 மீட்டர் உயரம், ஐரோப்பாவைவிடக் குறைந்த செலவு. இருந்தும் டிசம்பர் தொடக்கத்துக்கு அதை நம்ப மாட்டேன். அங்கே பனி ஜனவரி, பிப்ரவரியில்தான் கனக்கும். 2024 ஜனவரியில் அதுவும் பொய்த்துச் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தன. மேலும், 2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, பயணக் காப்புறுதி காஷ்மீரை உள்ளடக்குகிறதா என்று படித்துப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. காப்புறுதியைப் பொறுத்தவரை, எந்த மலைக்குப் போனாலும் பனிச்சறுக்கும் மலைமீட்பும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். சாதாரணத் திட்டங்கள் பலவற்றில் அவை விலக்கப்பட்டிருக்கும்.

டிசம்பர் 20க்குப் பிறகுதான் விடுப்பு கிடைக்கும் என்றால் என் பதில் மாறும். அப்போது ஜப்பானின் நிசேக்கோவைப் பாருங்கள். சிகரமே 1,308 மீட்டர்தான். ஆனால் சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளி வந்து அங்கே பனியாகக் கொட்டுகிறது. தலைவலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் இடமில்லை. டிசம்பர் தொடக்கத்தில் சில லிஃப்ட்கள் மட்டுமே ஓடும் என்பதால்தான் அதை முதலில் சொல்லவில்லை.