ஐஸ் பொட்டிக்கு எத்தன நாள் வாடகைங்க?

லீவுக்கு ஊருக்கு வந்த எடத்துல பெரியப்பா தவறிட்டாருங்க. வயசு 84, கல்யாணச் சாவுதான், வெசனம் இருக்கு, ஆனா நான் எழுத வந்தது ஐஸ் பொட்டியப் பத்தி.

ஈரோட்டுல ஒரு தனியார் ஆஸ்பத்திரில மத்தியானம் உசுரு போச்சு. 155377க்கு போன் பண்ணா அமரர் ஊர்தி இலவசமா வரும்னு மாப்ள ஒருத்தரு சொன்னாரு, அது கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எறந்தவங்களுக்குத்தான்னு அப்புறந்தான் தெரிஞ்சுது, சரின்னு வாசல்ல நின்ன வண்டியவே புடிச்சு சென்னிமலைப் பக்கம் எங்க ஊருக்குக் கொண்டாந்துட்டோம். பெரியப்பாவுக்கு ஒரே புள்ள, அக்கா, சிட்னில இருக்கறா, அவ சிங்கப்பூர் வழியா கோயமுத்தூர் வந்து எறங்க அடுத்த நாள் ராத்திரி ஆயிரும். அப்ப பொட்டி வேணும். பொட்டி, பந்தல், சேரு, ரதம், பூ, தப்பட்டை எல்லாம் ஒட்டுக்கா ஒரே ஆளு எடுத்துச் செய்யறாருன்னு யாரோ நெம்பர் குடுத்தாங்க, அவரும் வந்துட்டாரு.

நான் இருக்கற அமெரிக்காப் பழக்கத்துல மொதல்ல கேட்டதே 'எவ்வளவுங்கண்ணா ஆகும்?'ங்கறதுதான். அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. 'எழவு ஊட்டுல காசு பேசற நேரமுங்களா தம்பி, காரியம் முடியட்டும், பாத்துக் குடுங்க.' பக்கத்துல சித்தப்பா என் கையப் புடிச்சு அமுத்தறாரு, சும்மா இருடாங்கற மாதிரி.

நியூஜெர்சில என் ஃப்ரெண்டோட அப்பா தவறினப்ப நானும் ஃப்யூனரல் ஹோமுக்குக் கூடப் போயிருக்கேன். அச்சடிச்ச வெலப்பட்டியல கைல குடுத்துட்டுத்தான் பேச்சே ஆரம்பிச்சாங்க, வண்டிக்கு இவ்வளவு, பொட்டிக்கு இவ்வளவு, வேண்டாங்கறத விட்டுரலாம். அங்க அது சட்டமுங்க, 1984ல இருந்து ஃப்யூனரல் ரூல்னு ஒண்ணு இருக்கு, நேர்ல போய்க் கேட்டா பட்டியல் குடுத்தாகணும், போன்ல கேட்டாலும் ரேட்டு சொல்லியாகணும். அதுக்காக அங்க சல்லிசுன்னு நெனச்சுராதீங்க, 2023ல அந்தத் தொழில்காரங்க சங்கமே போட்ட கணக்குப்படி உடம்ப பார்வைக்கு வெச்சு தகனம் பண்ண நடுவாந்தரமா 6,280 டாலர், அந்தக் காசுல இங்க ஊரு முச்சூடும் சோறு போட்டுட்டு மிச்சமும் புடிக்கலாம். ஆனா எதுக்குக் குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுக்கலாமில்ல.

எங்க அப்பாரு, அதான் தாத்தா, போனப்ப இதெல்லாம் ஏதுங்க. பொழுதோட போனாரு, மறுநா காலைல தோட்டத்துலயே எரிச்சாச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க தென்ன ஓலைய வெட்டிப் போட்டு பந்தல் போட்டாங்க, எழவு ஊட்டுல அடுப்பு பத்த வெக்கக் கூடாதுன்னு பங்காளி ஊட்டுல இருந்து போசி போசியா சோறு வந்துச்சு. தப்பட்டை அடிச்சவங்களுக்கு கொஞ்சம் தானியமும் கோடித்துணியும் குடுத்து அனுப்பிட்டாங்க, அத இப்ப நெனச்சா கூச்சமாத்தான் இருக்கு, அதனால பழசெல்லாம் தங்கம்னு நான் சொல்ல வரல.

பொட்டிக்கு வர்றேன். செவ்வாக்கெழம ராத்திரி 7 மணிக்கு வந்துச்சு, டிவிக்குப் போட்டிருந்த பிளக்கப் புடுங்கிட்டு அதுல மாட்டுனாங்க. கண்ணாடி மூடி வேர்த்து வேர்த்து மொகமே தெரியல, வர்ற ஒறம்பரைக்கெல்லாம் சித்திதான் துண்டுல தொடச்சுத் தொடச்சுக் காட்டுனாங்க. வியாழக்கெழம காலைல 10 மணிக்கு உடம்ப வெளிய எடுத்தாச்சு, பொட்டியும் அப்பவே டெம்போல ஏறிருச்சு. எரிவாயு தகன மேடைல ஒரு பிரச்சனையும் இல்ல, கட்டணத்த செவுத்துலயே எழுதிப் போட்டிருக்காங்க, டாக்டர் சர்டிபிகேட்டு, ஆதார் நகல், ரசீது, முடிஞ்சுது.

கொடுமுடில காவேரில சாம்பலக் கரைச்சுட்டு ஊட்டுக்கு வந்தா பொட்டிக்காரரு திண்ணைல ஒக்காந்திருக்காரு. கைல டைரித் தாளு. சேரு ஒண்ணுக்கு 8 ரூவா, சரி. ரதத்துக்கு லைட்டு எச்சா, பட்டப்பகல் 10 மணிக்கு எதுக்குங்க லைட்டு, அதையும் விட்ருங்க. பொட்டி 3 நாள், நாளுக்கு 2,500, ஆக 7,500.

'அண்ணா, மொத்தமே 39 மணி நேரந்தானுங்களே, ரெண்டு நாளே முழுசா ஆகலீங்களே.'

'செவ்வா ஒண்ணு, புதன் ஒண்ணு, வியாழன் ஒண்ணு. தேதி மாறுதுங்களே தம்பி.'

'லாட்ஜுலயே 24 மணி நேரக் கணக்குத்தானுங்க.'

'லாட்ஜுல தங்கறவங்க நடந்து வெளிய வருவாங்க தம்பி.'

எழவு ஊடுன்னும் பாக்காம பந்தல்ல இருந்த ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. எனக்கும் லேசா சிரிப்பு வந்துச்சு, அதான் எரிச்சலே. சரி பில்லாவது குடுங்கன்னு கேட்டேன். பில்லுன்னா ஜிஎஸ்டி 18 சதம் எச்சா ஆகுமாம். அங்கயே போனத் தட்டிப் பாத்தேன், 2017ல வந்த ஜிஎஸ்டி சட்டத்துலயே மூணாவது அட்டவணைனு ஒண்ணு இருக்கு, ஈமச்சடங்கு, மயானம், பிணவறை, உடம்பக் கொண்டு போற வண்டி இந்த சேவையெல்லாம் வரிக்குள்ளயே வராது. பந்தலுக்கும் சேருக்கும் வேணா வரியப் பத்தி பேசலாம், ரதத்துக்கு எப்பிடிங்க? காட்டுனேன். 'அதெல்லாம் ஆடிட்டருக்குத்தானுங்க தெரியும்'னு மேல மச்சைப் பாத்துட்டாரு.

அதுக்குள்ள உள்ள இருந்து அத்தை குரலு, 'டாலர்ல சம்பாரிச்சுட்டு ரெண்டாயிரத்து ஐநூறுக்கு எழவு ஊட்டுல நாயம் பேசறான் பாரு'. அக்கா அழுத கண்ணோட வந்து 'குடுத்துத் தொலடா'ங்கறா. இந்த டாலர் பேச்சுதாங்க எல்லாத்துக்கும் காரணம், ஃபாரின் ஊடுன்னு தெரிஞ்சாலே தேதி வெரசா மாறிருது. லைட்டுக் காச மட்டும் கழிச்சுட்டு மிச்சத்த ஜிபே பண்ணேன், கேஷ் இருந்தா நல்லாருக்கும்னாரு, முடியாதுன்னுட்டேன், ஒரு அத்தாச்சியாவது இருக்கட்டும்.

பதினாறாம் நாளைக்கும் பந்தல், சேரு அவருகிட்டத்தான் சொல்லணும்னு சித்தப்பா ஒரே புடி, பக்கத்து ஊருக்காரரு, நாளைக்கு மூஞ்சில முழிக்கணுமாம். சரின்னுட்டேன், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ரேட்ட வாட்ஸ்அப்ல போட வெச்சுத்தான் அட்வான்ஸ் அனுப்புனேன். கடைசில ஏத்துக்கூலி எறக்குக்கூலின்னு புதுசா ஒரு வரி மொளைக்குதான்னு என் தம்பிதான் பாத்துச் சொல்லணும், எனக்கு அதுக்கு முன்னாடியே ஃப்ளைட்டு.