அரசு மருத்துவ ஆய்வு நிறுவனங்களின் தகவல் தளங்கள்: எது எதற்குப் பொறுப்பேற்கிறது?

நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ இணையத்தில் தேடுபவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, அரசுத் தளத்தைப் பாருங்கள் என்பது. அது சரியான அறிவுரைதான், ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் தளங்கள் பல. அவற்றுள் மெட்லைன்பிளஸ், லிவர்டாக்ஸ், பப்மெட், கிளினிக்கல்டிரயல்ஸ் ஆகிய நான்கை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். நான்கின் உருவாக்கத்திலும் அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகத்துக்குப் பங்கு உண்டு. ஆயினும் ஒரு தகவல் அங்கே இடம்பெற்றிருப்பதற்கு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பொருள். ஒப்பிட வசதியாக ஒரே கேள்வியை நான்கிடமும் கேட்போம்: காசநோய்க்குத் தரப்படும் ஐசோநியாசிட் மாத்திரை கல்லீரலைப் பாதிக்குமா?

1998ஆம் ஆண்டு 22 தலைப்புகளுடன் தொடங்கிய மெட்லைன்பிளஸ், மருத்துவம் படிக்காதவர்களுக்காகவே எழுதப்படுவது. ஐசோநியாசிட் பக்கத்தைத் திறந்தால், கடுமையான கல்லீரல் பாதிப்பு ஏற்படக்கூடும் என்ற எச்சரிக்கை முதலிலேயே நிற்கிறது. மது அருந்தும் பழக்கத்தையும் முன்பிருந்த கல்லீரல் நோயையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், பசியின்மை, குமட்டல், சிறுநீர் அடர்நிறமாதல், கண்ணோ தோலோ மஞ்சளாதல் போன்றவை தெரிந்தால் காத்திருக்கக் கூடாது என்பவை எளிய சொற்களில் வருகின்றன. பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: மருந்துப் பக்கங்களை எழுதுவது அரசு அன்று, மருந்தாளுநர்களின் தொழில்முறைச் சங்கம் ஒன்று, கலைக்களஞ்சியப் பகுதியும் ஒரு தனியார் வெளியீட்டாளரிடம் உரிமம் பெற்றது. தேர்ந்தெடுப்பதும் விளம்பரமின்றி வழங்குவதுமே நூலகத்தின் வேலை. இதை நான் குறையாகக் கருதவில்லை. பாதிப்பு எத்தனை பேருக்கு வரும், ஏன் வரும் என்று கேட்பவருக்குத்தான் இந்தத் தளத்தில் விடை போதாது.

அந்த இடத்தில் கைகொடுப்பது லிவர்டாக்ஸ். மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்புக்கென்றே, நீரிழிவு மற்றும் செரிமான நோய்களுக்கான தேசிய ஆய்வு நிறுவனமும் மருத்துவ நூலகமும் சேர்ந்து 2012இல் தொடங்கியது இது. ஐசோநியாசிட் எடுப்பவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் கல்லீரல் நொதி அளவு சற்றே உயர்கிறது, பெரும்பாலும் மருந்தைத் தொடரும்போதே அது தணிந்துவிடுகிறது, நோயாக வெளிப்படும் பாதிப்பு மிகச் சிலருக்கே என்று இத்தளம் பிரித்துக் காட்டுகிறது. வயது ஏற ஏற ஆபத்து கூடுவதையும், இம்மருந்தை உடல் சிதைக்கும் வேகம் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுவதையும் விளக்குகிறது. மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் ஒருவருக்கு, மெட்லைன்பிளஸின் எச்சரிக்கையைவிட இந்த வேறுபாடுதான் பயன்படும். ஆனால் மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்; பாதியில் நிறுத்திய காசநோய் மருந்து வேறு சிக்கலைக் கொண்டுவரும்.

லிவர்டாக்ஸில் பொதுவாசகர் வழுக்கி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் அது ஏ முதல் ஈ வரை ஒரு தரம் இடுகிறது. ஐசோநியாசிட் ஏ தரத்தில் உள்ளது. ஏ என்றவுடன் மிக ஆபத்தானது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்த எழுத்து பாதிப்பின் வாய்ப்பைக் காட்டுவதில்லை. இந்த மருந்துதான் காரணம் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே காட்டுகிறது. 50க்கு மேற்பட்ட நோயாளிகளின் பாதிப்பு மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருந்தால் ஏ. அன்றாடம் எழுதித்தரப்படும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரையும் அதே தரத்தில்தான் இருக்கிறது. மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட தளத்தைப் படிப்பதன் விலை இது.

பப்மெட்டிடம் அதே கேள்வியைக் கேட்டால் விடை வராது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் நீண்ட பட்டியல் வரும். 1997 முதல் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்திருக்கும் இந்த அட்டவணையில் 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பும், பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட மதிப்பாய்வும் ஒரே வடிவில் அடுத்தடுத்து நிற்கும். அரசுத் தளத்தில் வந்த ஆய்வு என்று பகிரப்படும் பல செய்திகளின் மூலம் இதுதான்; நூலகம் அட்டவணையிட்டது என்பதை நூலகம் ஒப்புக்கொண்டது என்று படித்துவிடுகிறார்கள். 2020இல் தொடங்கிய ஒரு முன்னோட்டத் திட்டத்தின் வழியாக, சக ஆய்வாளர்கள் இன்னும் மதிப்பிடாத கட்டுரைகள் சிலவும், மதிப்பிடப்படாதவை என்ற குறிப்புடன், உள்ளே வந்துள்ளன. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டவற்றை மட்டும் காட்டும் முறைசார்ந்த மதிப்பாய்வு என்ற வடிகட்டியைப் பயன்படுத்தத் தெரியாதவர் இங்கே முதலில் வரவே வேண்டாம் என்பது என் கருத்து.

கிளினிக்கல்டிரயல்ஸ் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கி, 2023இல் புதிய வடிவம் பெற்ற இந்தப் பதிவேட்டில் இருப்பவை மனிதர்களிடம் நடக்கும், நடந்த, நடக்கப்போகும் ஆய்வுகளின் விவரங்கள். ஐசோநியாசிட் எத்தனை மாதம் தரப்படுகிறது, எதனோடு சேர்த்துச் சோதிக்கப்படுகிறது என்று பார்க்கலாம். நோயாளிக்கு உடனடி விடை கிடைக்காது. பதிவை எழுதுவது ஆய்வை நடத்துபவரே. பட்டியலில் இருப்பதால் அரசு அந்த ஆய்வை மதிப்பிட்டுவிட்டதாகப் பொருள் இல்லை என்று தளமே எச்சரிக்கிறது. ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பங்கேற்பாளரிடமே பணம் வாங்கும் சில மருத்துவ நிலையங்கள் இந்தப் பதிவை விளம்பரம்போலக் காட்டியதும் உண்டு. ஆய்வில் சேர நினைப்பவர் நடத்துபவர் யார், பங்கேற்கக் கட்டணம் உண்டா, முந்தைய ஆய்வுகளின் முடிவுகள் பதிவேற்றப்பட்டனவா என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டால் இத்தளத்துக்கு ஈடான கருவி வேறில்லை.

எளிமைக்கும் ஆழத்துக்கும் இடையிலான இந்த இழுபறிக்கு நான் பார்த்தவரை நல்ல தீர்வு, நான்கிற்கும் வெளியே, தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பிடிகியூ என்ற புற்றுநோய்த் தகவல் தொகுப்பில் இருக்கிறது. ஒரே நோய்க்கு நோயாளிகளுக்கு ஒரு பக்கமும் மருத்துவர்களுக்கு ஒரு பக்கமும் உண்டு. எளிய பக்கத்தில் தொடங்கி, ஐயம் எழும் இடத்தில் மற்றதற்குத் தாவலாம். ஊட்டச்சத்துத் துணைப்பொருள் அலுவலகத்தின் தகவல் தாள்களும் இதே முறையில் அமைந்தவை. லிவர்டாக்ஸுக்கு அப்படியொரு எளிய இணை இருந்திருந்தால் ஏ தரத்தைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியிருக்காது.

தேதியிலும் இவை வேறுபடுகின்றன. மெட்லைன்பிளஸ், லிவர்டாக்ஸ், பிடிகியூ பக்கங்களில் கடைசியாகத் திருத்திய அல்லது மறுபார்வையிட்ட நாள் இருக்கும். அது பல ஆண்டுகள் பழையதென்றால் உள்ளடக்கத்தையும் அந்த அளவுக்கே நம்ப வேண்டும். பப்மெட்டில் இருப்பது கட்டுரை வெளிவந்த நாள் மட்டுமே. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் வெளியான கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. பதிவு இன்றும் பப்மெட்டில் இருக்கிறது, திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கையோடு. பகிரப்படும் திரைப்பிடிப்புகளில் அந்த எச்சரிக்கை வெட்டப்பட்டிருக்கலாம்.