14 மாதம், 2 சிம், ஒரு 100 யுவான் நோட்டு

2024 பிப்ரவரிக் கடைசியில் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சீனாவின் ஷென்சென் போய் இறங்கினேன். அப்போது நேரடி விமானம் கிடையாது. 2020இல் நின்றுபோன இந்தியா-சீனா சேவை 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. எங்கள் கம்பெனி அங்கிருந்து எல்இடி டிரைவர் போர்டு வாங்குகிறது. சரக்கு கிளம்புமுன் தரம் பார்க்க ஒரு ஆள் அங்கேயே இருக்க வேண்டும். மூன்று மாதம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். 14 மாதம் ஆகிவிட்டது.

சீனாவை ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்து 'அடேயப்பா' என்று வாயைப் பிளக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பொய் ஒன்றுமில்லை. நானும் முதல் மாதம் அப்படித்தான் திரிந்தேன். இங்கே எழுதுவது அதற்கப்புறம் நடந்தது.

முதலில் உறைத்தது காதில்தான். ஒன்றே முக்கால் கோடிப் பேர் இருக்கிற ஊர், ரோட்டில் இரைச்சலே இல்லை. 2017 முடிவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகளை மொத்தமாக மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். டாக்சிகளும் பின்னாலேயே மாறின. காந்திபுரத்தில் வளர்ந்த காதுக்கு அது ஏதோ ஊரடங்கு போல இருந்தது. சாப்பாடு கொண்டுபோகும் பையன்களின் மின் ஸ்கூட்டருக்கும் சத்தம் கிடையாது என்பதுதான் சிக்கல். நடைபாதையிலேயே முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். இரண்டு முறை துள்ளிக் குதித்திருக்கிறேன்.

பணம் கட்டுவது பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பச்சை நிற வீசாட் (அங்கே வாட்ஸ்ஆப் வேலையையும் அதுதான் செய்கிறது), நீல நிற அலிபே, இரண்டே இரண்டு செயலிகள். 2023 ஜூலையிலிருந்து இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்கலாம். 200 யுவான் வரைக்கும் கூடுதல் கட்டணமில்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம். அதனால் மளிகை வாங்கும்போது 200க்குள் நிற்கிற மாதிரி கூடையை இரண்டாகப் பிரித்து இரண்டு பில் போடச் சொல்வேன். பில் போடும் பெண் என்னைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

யுபிஐ பழகியவர்களுக்கு ஸ்கேன் செய்வதில் அதிசயம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால், எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் போகிற நம்முடைய ஏற்பாடு அதைவிடத் திறந்தது. அங்கே மலைக்க வைத்தது, பணம் கட்டுகிற அதே செயலிக்குள் ஊரே இருப்பது. 2017 ஜனவரியில் வீசாட்டுக்குள் குட்டிச் செயலிகள் வந்தன. தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. மெட்ரோ வாயிலைத் திறப்பதற்கும், உணவக மேசையில் உட்கார்ந்தபடி சாப்பாடு ஆர்டர் செய்வதற்கும், ஆஸ்பத்திரி டோக்கனுக்கும், கரண்ட் பில்லுக்கும் அதற்குள்ளேயே வழி உண்டு. வரைபடத்துக்கு மட்டும் காவ்தே என்ற சீனச் செயலி. கூகுள் மேப்பை நம்பி முதல் வாரம் அலைந்தேன். சீனா தன் வரைபடங்களுக்குத் தனி ஆயத்தொலை முறை வைத்திருப்பதால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். காவ்தேயோ சிவப்பு விளக்கு பச்சையாக இன்னும் எத்தனை நொடி என்பதுவரை சொல்லும்.

இதெல்லாம் 18 இலக்கம் உள்ளவர்களுக்கு. சீனக் குடிமகனின் அடையாள எண்ணுக்கு 18 இலக்கம். நம் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமும். அருங்காட்சியகத்துக்கு முன்பதிவா, ஏதோ சலுகையா, பாதி இடங்களில் அந்த 18 கட்டம்தான் வந்து நிற்கும். அதற்குமேல் நகராது.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பா பெயரைக் கடைசியில் போட்டுத்தான் பாஸ்போர்ட் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 23 எழுத்து. வங்கியில் கணக்கு தொடங்கியபோது கவுண்டரில் இருந்தவர் அப்பா பெயரை முன்னால் போட்டு, இடைவெளி விடாமல் ஒரே மூச்சாக அடித்துவிட்டார். சிம் கடையில் இடைவெளி விட்டு அடித்திருந்தார்கள். பணச் செயலியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி நானே அடித்தேன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எந்த இயந்திரமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு வாரம். கடைசியில் தீர்த்து வைத்தது எங்களுக்கு சப்ளை செய்யும் ஆலையின் கணக்குப் பிரிவு அம்மாள். என்னோடு வங்கிக்கு வந்து, கவுண்டரில் கையை ஊன்றி நின்று, கால் மணி நேரம் பேசினார். இடைவெளி விழுந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது, ஒரு இடைவெளி.

இனி அம்மா விஷயம். வாட்ஸ்ஆப் அங்கே ஓடாது. வீசாட் இங்கே ஓடாது; 2020 ஜூன் 29இல் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. அங்கே இருப்பவன் இங்கே இருப்பவரைக் கூப்பிட, எங்கள் இருவருக்கும் பழகிய வழி எதுவும் மிச்சமில்லை. ரோமிங்கில் இருக்கிற இந்திய சிம் தப்பிக்கும். அதன் டேட்டா நம் ஊர் ஆபரேட்டர் வழியாகச் சுற்றிப் போவதால், வெளிநாட்டுச் செயலிகளை மறிக்கிற சீன இணையத் தடுப்புச் சுவர் அதைத் தொடுவதில்லை. ஆனால் ரோமிங் பேக் விலை தினமும் கட்டுப்படியாகாது. பிறகு ஹாங்காங் போய்வந்த ஒருவர் அங்கிருந்து ஒரு சிம் வாங்கிவந்து கொடுத்தார். அதுவும் சீனாவில் ரோமிங்தான் என்பதால் சுவருக்குத் தப்பும். இந்திய சிம்மை ஓடிபிக்காக ஒரு பழைய போனில் போட்டு வைத்துவிட்டேன். கையில் இருந்த போனில் முதல் சிம், சீன சிம், ஷென்சென் வேலைகளுக்கு; இரண்டாவது, ஹாங்காங் சிம், அம்மாவுக்கு. ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டாவதுக்கு மாற்றினால், கோவையில் ஏழு மணி.

"சாப்டியா கண்ணு? படம் நின்னு நின்னு வருது."

கீழ்க்கடையிலிருந்து பத்து நிமிடத்தில் ஆரஞ்சுப் பழம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிற ஊரில், ஒவ்வொரு நாளும் இதற்கு மட்டும் போனைக் கையில் பிடித்து ஜன்னல் ஓரமாக நின்றேன்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் ஹுவாச்சியாங்பெய் போயிருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கென்றே மாடி மாடியாகக் கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் சந்தை அது. ஒரு கெபாசிட்டருக்காகப் போனால் மூன்று மணி நேரம் போய்விடும். வெளியே வந்தபோது தூறல், போனில் சார்ஜ் 2 சதவீதம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. கடைக்குக் கடை வாடகை பவர் பேங்க் அடுக்கு இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். இந்த வேடிக்கையை யோசித்தவர் யாரோ.

போன் உறைக்குள் ஒரு 100 யுவான் நோட்டு மடித்து வைத்திருந்தேன். நூடுல்ஸ் கடையில் நீட்டினேன். அங்கே ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அக்கா மறுக்கவும் இல்லை. கல்லாவை இழுத்துக் காட்டினாள். உள்ளே சில்லறை இல்லை, ரப்பர் பேண்டும் ஒரு நகவெட்டியும் இருந்தன. பிறகு தன் போனை எடுத்து அடுக்கில் ஸ்கேன் செய்து, ஒரு பவர் பேங்கை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, உட்கார் என்று சைகை காட்டினாள். நூடுல்ஸ் முடிவதற்குள் போன் உயிர் பெற்றது. 18 யுவான் கட்டினேன். பவர் பேங்க் வாடகையைத் தனியாகக் கொடுக்கப் பார்த்தால் கையை வீசி மறுத்தாள்.

கேமராக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எங்கும் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு லேப்டாப் பையோடு நடந்து வந்திருக்கிறேன், பயமே இருந்ததில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அங்குள்ளவர்களிடம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன்.

2025 சீனப் புத்தாண்டுக்கு ஆலையின் வீசாட் குழுவில் சூப்பர்வைசர் சிவப்பு உறை, அதாவது புத்தாண்டு அன்பளிப்புப் பணம், போட்டார். எல்லோரும் பாய்ந்து தொட வேண்டும். தொகை தற்செயலாகப் பிரியும். 24 மணி நேரத்தில் எடுக்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். எனக்கு விழுந்தது 0.63 யுவான். குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள்.

ஏப்ரலில் கிளம்புமுன் கணக்கில் இருந்ததைக் கரைக்க இரண்டு நாள் எடுத்தேன். அம்மாவுக்கு ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க், தேயிலை, கடைசியாக மெட்ரோ. 0.63ஐ மட்டும் விட்டுவைத்தேன். 100 யுவான் நோட்டு போன் உறைக்குள்ளேயே கோவை வந்து சேர்ந்தது. 14 மாதத்தில் அதை மாற்றிக்கொடுக்க ஒருவரிடமும் சில்லறை இருக்கவில்லை.