கியூடி லேஅவுட்டுடன் சில வருடங்கள்: மிச்ச இடம் யாருக்கு?

பைத்தானில், ஜன்னல், பட்டன் போன்ற இடைமுகங்களைக் கட்ட உதவும் கியூடி (Qt) நூலகத்தை வைத்து டெஸ்க்டாப் செயலிகள் எழுத ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. இடப்பக்கம் ஒரு பட்டியல், நடுவில் பெரிய டேபிள், வலப்பக்கம் விவரப் படிவம், கீழே பட்டன்கள் என்ற மாதிரிச் செயலிகள்தான் பெரும்பாலும். சின்ன லேப்டாப் திரையிலும் ஒழுங்காகத் தெரிய வேண்டும், அகலமான மானிட்டரிலும் தெரிய வேண்டும். இதற்காக ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் (பட்டன், டேபிள், உள்ளீட்டுப் பெட்டி போன்ற திரை உறுப்பு) பிக்சல் கணக்கில் அளவு கொடுக்கத் தேவையே இல்லை. ஜன்னலை இழுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் இடம் யாருக்கு, சுருக்கினால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், அதன்படி விட்ஜெட்டுகளை அடுக்கும் வேலையை லேஅவுட் பார்த்துக்கொள்ளும்.

அதைச் சொல்லும் இடம் சைஸ் பாலிசி. ஒவ்வொரு விட்ஜெட்டும் தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைச் சைஸ் ஹிண்ட் வழியாகத் தெரிவிக்கிறது. அதைத் தாண்டி வளரலாமா, அதைவிடக் குறையலாமா என்பதைப் பாலிசி முடிவு செய்கிறது. ஒற்றை வரி உள்ளீட்டுப் பெட்டி அகலத்தில் எக்ஸ்பேண்டிங் (கிடைக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும்), உயரத்தில் ஃபிக்ஸ்டு (மாறாது). எழுத்தைக் காட்டும் லேபிள் இரண்டிலும் ப்ரிஃபர்டு (ஹிண்ட் அளவே நல்லது, ஆனால் கூடவோ குறையவோ செய்யலாம்). இந்த இயல்பு அமைப்புகள் நன்றாக யோசித்து வைத்தவை. ஒரு படிவத்தில் பாதி வேலை இவற்றிலேயே முடிந்துவிடுகிறது.

விட்ஜெட்டுகளுக்கு இடையே இடத்தைப் பங்கிடக் கொடுக்கும் ஸ்ட்ரெச் எண்ணைப் பலர் சதவீதமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1, 3 என்று கொடுத்தால் எப்போதும் கால் பங்கும் முக்கால் பங்கும் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் எந்த விட்ஜெட்டும் தன் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாது. ஜன்னல் குறுகக் குறுக விகிதம் கலையத்தான் செய்யும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. பட்டனில் எழுத்து பாதியில் வெட்டுப்படுவதைவிட விகிதம் கொஞ்சம் கெடுவது எவ்வளவோ மேல்.

அதிக நேரத்தைச் சாப்பிடுவது நீளமான எழுத்துள்ள லேபிள். கீழே ஓர் ஓரத்தில் கோப்பின் முழுப் பாதையைக் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை நீளமானால் லேபிளின் குறைந்தபட்ச அகலமும் நீளும், அதோடு ஜன்னலின் குறைந்தபட்ச அகலமும் ஏறிவிடும். அப்புறம் பயனர் எவ்வளவு இழுத்தாலும் ஜன்னல் சுருங்காது. காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் இருப்பதால் தேடுவதும் சிரமம். அந்த லேபிளின் கிடைமட்டப் பாலிசியை இக்னோர்டு (சைஸ் ஹிண்ட்டைக் கண்டுகொள்ளாதே) என்று மாற்றி, ஒரு சிறிய குறைந்தபட்ச அகலம் கொடுத்து, எழுத்தை நடுவில் புள்ளிகள் வைத்துச் சுருக்கிக் காட்டினால் தீர்ந்துவிடும். பாதையின் தொடக்கமும் கோப்பின் பெயரும் தெரியும், ஜன்னலும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இடைவெளி விஷயத்தில், ஸ்டைல் (செயலியின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பகுதி) தரும் இயல்பு மதிப்புகளைத் தொடாமல் விடுவதே நல்லது. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் பொருந்தும்படி அவை மாறிக்கொள்ளும். கவனிக்க வேண்டியது மார்ஜின், அதாவது லேஅவுட்டின் ஓரங்களில் விடப்படும் வெற்றிடம். ஒரு லேஅவுட்டுக்குள் இன்னொரு லேஅவுட்டை நேரடியாகச் சேர்த்தால் உள்ளே இருப்பதற்குத் தனி மார்ஜின் வராது. ஆனால் சில விட்ஜெட்டுகளைக் கூட்டாகப் பிடித்துக்கொள்ள ஒரு வெற்று விட்ஜெட்டை வைத்து அதற்குள் லேஅவுட் போட்டால், அதற்கென்று ஒரு மார்ஜின் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடது ஓரம் சில பிக்சல்கள் உள்ளே தள்ளி நிற்கும். அந்த உள் லேஅவுட்டின் மார்ஜினை நான்கு பக்கமும் 0 ஆக்கினால் ஓரங்கள் நேர்கோட்டில் வந்துவிடும்.

படிவத்தில் பிழைச் செய்தி தோன்றும்போது கீழே உள்ளதெல்லாம் துள்ளிக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மறைந்திருக்கும் விட்ஜெட்டுக்கு லேஅவுட் இடம் ஒதுக்காததுதான் காரணம். மறைந்திருந்தாலும் இடத்தைப் பிடித்து வைக்கும் வசதி சைஸ் பாலிசியில் கியூடி 5.2 முதல் இருக்கிறது. இவ்வளவு பயனுள்ள ஒன்றைப் பலர் பயன்படுத்தாமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெரிய பகுதிகளுக்கு ஸ்ப்ளிட்டர், அதாவது பகுதிகளுக்கு நடுவே இழுத்து நகர்த்தக்கூடிய பிரிப்பான். பயனரே இழுத்து வைத்துக்கொள்ளலாம், அந்த நிலையைச் சேமித்து அடுத்த முறை அப்படியே திரும்பக் கொண்டுவரலாம். ஒன்று மட்டும்: இயல்பாக ஒரு பகுதியை முழுவதும் மூடிவிடும் அளவுக்கு இழுக்க முடியும். பட்டியல் காணாமல் போய்விட்டது என்று யாராவது பதறுவார்கள். முக்கியப் பகுதிகளுக்கு அதைத் தடுத்துவிடுங்கள்.

குறை என்றால், இடம் போதாதபோது அடுத்த வரிக்கு இறங்கும் ஃப்ளோ லேஅவுட் விட்ஜெட்டுகளுக்கு உள்ளமைந்ததாக இல்லை. எடுத்துக்காட்டு நிரலாகத்தான் கிடைக்கிறது. குறிச்சொற்களை வரிசையாகக் காட்டும் திரைகளுக்கு அதைத்தான் எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய திரை ஒன்று தயாரானதும் இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றி, எழுத்துருவை ஒன்றரை மடங்காக்கி, ஜன்னலை முடிந்த மட்டும் சுருக்கிப் பார்ப்பேன். சொற்கள் நீளும், எழுத்துகளின் உயரமும் கூடும். யாராவது எங்காவது பட்டனுக்கு உயரத்தைக் கையால் பூட்டி வைத்திருந்தால் ‘கு’வின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.