கழுத்துத் தழும்பும் விடுமுறைக் கணக்கும்

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பல், கண், இரத்தப் பரிசோதனை என்று தள்ளிப்போட்டதையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வருவது நம் ஆட்களின் பழக்கம். இந்த முறை என் பட்டியலில் ஒரு தழும்பும் இருந்தது. தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கழுத்து மடிப்போடு ஒட்டித்தான் கீறியிருந்தார்கள். நடுவில் கோடு மெல்லிசாகவே இருந்தது. இடது ஓரத்தில் மட்டும் சிவந்து தடித்து, ராத்திரியானால் அரிக்கும். நான் வசிக்கும் ஊரில் கேட்டால் "நாளாக நாளாகச் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். தோல் மருத்துவரைப் பார்க்கவோ நீண்ட காத்திருப்பு. சரி, ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் போனது ஒரு அழகு சிகிச்சை நிலையம். உட்கார்ந்த உடனே தண்ணீர் வந்தது, பெயர் சொல்லி விசாரித்தார்கள். என்னோடு பேசியவர் மருத்துவர் இல்லை, கவுன்சலர். கையில் இருந்த டேப்லெட்டில் 'முன்', 'பின்' படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். 'முன்' படத்தில் பக்கவாட்டு வெளிச்சம், அண்ணாந்த கழுத்து. 'பின்' படத்தில் நேர் வெளிச்சம், லேசாகக் குனிந்த தலை. தழும்பு நிஜமாகவே குறைந்திருக்கலாம். ஆனால் அந்தப் படங்களை வைத்து அதைச் சொல்ல முடியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எந்த மேடும் நிழல் விழுந்து பெரிதாகத்தான் தெரியும்.

லேசர் பேக்கேஜ், பல சிட்டிங், மொத்தப் பணமும் முன்கூட்டியே. என்ன வகை லேசர் என்று கேட்டதற்கு "லேட்டஸ்ட் மெஷின் மேடம்" என்று பதில். தழும்பை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் திரும்புவதற்குள் முடியுமா என்று கேட்டேன். "உங்களுக்காக இடைவெளியைக் குறைச்சுக்கலாம்" என்றார். அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த இடைவெளி சும்மா வைத்ததில்லை. தழும்புக்கு அதிகம் சொல்லப்படும் ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்ஸைடு லேசர், தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைப் போட்டு, அது ஆறும்போது கொலாஜன் (தோலுக்கு வலுத் தரும் புரதம்) புதிதாக அமையட்டும் என்று விடுகிறது. அது ஆற வாரங்கள் ஆகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு: சூடு பட்ட இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கலாம். ஒரு சிட்டிங் ஆறும் முன்பே அடுத்ததைப் போட்டு, நடுவில் வெயிலிலும் அலைந்தால், சிவப்புக் கோடு இருந்த இடத்தில் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும்.

அப்புறம் அண்ணி சொன்ன யோசனைப்படி ஒரு பெரிய மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போனேன். குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு ஒரு கவுண்டர், பணம் கட்ட இன்னொரு மாடி, டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போது யாருக்கும் காதில் விழாது. காலையில் போனால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடுகிறது. உள்ளே போன பிறகு நடந்ததுதான் வேறு மாதிரி.

மருத்துவர் என்னை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். தழும்பை விரலால் அழுத்தி, சிவப்பு மறைகிறதா என்று பார்த்தார். இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார், தழும்பு கூடவே மேலே இழுபடுகிறதா என்று பார்க்க. அடுத்து, கேட்டால் நம்ப மாட்டீர்கள், கையைக் காட்டச் சொல்லி, சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு காது மடல். அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கெலாய்டு உண்டா என்று விசாரித்தார்.

காரணம் இதுதான். தடித்த தழும்பில் இரண்டு வகை. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நின்றால் ஹைப்பர்ட்ரோபிக். அது காலப்போக்கில் தானாகவே ஓரளவு அடங்கலாம். எல்லை தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவினால் கெலாய்டு. அது தானாக அடங்குவது அபூர்வம். கறுத்த தோல் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்களுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம். காது மடல், தோள், நெஞ்சு நடுப்பகுதி எல்லாம் அது விரும்பி வரும் இடங்கள். எனக்கு முதல் வகை. இது தெரியாமல் லேசரோ கத்தியோ எடுப்பது குருட்டாம்போக்கு.

"அப்ப லேசர் வேண்டாமா டாக்டர்?"

"எப்ப திரும்பிப் போறீங்க?"

தேதியைச் சொன்னேன்.

"அப்ப வேண்டாம். நான் ஆரம்பிச்சு வெச்சா அங்க யார் முடிக்கிறது?"

என் பயணத்தில் கிடைத்த மிக நல்ல சேவை இந்த மறுப்புதான். தழும்பு முதிர 12 முதல் 18 மாதம்வரைகூட ஆகும் என்றும் விளக்கினார். உடம்பு முதலில் அவசரத்துக்கு ஒரு வகைக் கொலாஜனால் அடைத்துவிட்டு, பிறகு நிதானமாக அதை எடுத்துவிட்டு வலுவானதைப் போடுகிறது. முழுதும் முடிந்த பிறகும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும். தழும்பைத் தட்டையாக்கலாம், மிருதுவாக்கலாம், நிறத்தைப் பக்கத்துத் தோலுக்கு நெருக்கமாகக் கொண்டுவரலாம். அழிக்க முடியாது. இதை முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தடித்த ஓரத்துக்கு மட்டும் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். வலிக்கும். அங்கே திசு இறுக்கமாக இருப்பதால் மருந்து லேசில் இறங்காது. இறங்கும்போது அந்த இடம் வெளுப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, தேவைக்கேற்பத் தொடர வேண்டும். அளவு மீறினால் தோல் மெலிந்து குழி விழலாம், நிறம் வெளுக்கலாம். அதனால் எவ்வளவு, எந்தச் செறிவில் போட்டார் என்ற விவரம் அடுத்து ஊசி போடுபவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். சீட்டில் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. டைப் செய்த கடிதம் வேண்டும் என்று கொஞ்சம் வற்புறுத்தித்தான் வாங்கினேன். நீங்களும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தழும்பைத் தட்டையாக்க வீட்டில் பயன்படுத்தும் சிலிகான் விஷயத்தை நர்ஸ் அக்கா செய்தே காட்டினார். பகலில் ஜெல், ராத்திரி ஷீட். ஜெல்லைத் தழும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, அப்புறம்தான் துணி படவேண்டும். சில நிமிஷம் கழித்தும் பிசுபிசுத்தால் அதிகம் தடவிவிட்டீர்கள் என்று அர்த்தம். தழும்பைவிடச் சற்று அகலமாக ஷீட்டை வெட்டி ஒட்ட வேண்டும். தினமும் கழுவிக் காயவைத்துத் திரும்ப ஒட்டலாம். வியர்க்குரு வந்தால் ஷீட்டை நிறுத்திவிட்டு ஜெல்லோடு இருந்துகொள்ளச் சொன்னார். ஒரு நாளில் 12 மணி நேரமாவது, குறைந்தது இரண்டு மூன்று மாதம். தையல் பிரித்து, காயம் முழுதும் மூடிய பிறகே தொடங்க வேண்டும். வெளியே போனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

சொந்தக்காரர்களின் மருத்துவம் தனி. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவச் சொல்லாத ஆளே இல்லை. 1999இல் அறுவை சிகிச்சைத் தழும்புகளில் அதைச் சோதித்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், பெரும்பாலானவர்களுக்குப் பலன் இல்லை. மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத் தோல் ஒவ்வாமையும் வந்தது. இன்னொருவர் கொடுத்த வெண்மையாக்கும் கிரீமின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டீராய்டு. ஊசியில் போட்ட அதே வகை மருந்தை மேலேயும் பூசினால் என்ன ஆகும்? நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன், தடவவில்லை.

கெலாய்டு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்குள் வெட்டி எடுத்துவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். வெறுமனே வெட்டினால், பாதிப் பேருக்காவது, சில கணக்குகளில் அதற்கும் மேல், திரும்ப வளர்கிறது. கூடவே ஸ்டீராய்டு ஊசியோ கதிர்வீச்சோ தேவைப்படும். அதற்கு நீங்கள் மருத்துவருக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் கடிதத்தை இங்கே காட்டினேன். அதைப் படித்துவிட்டு மருத்துவர் இரண்டாவது ஊசியைப் போட்டார், முதல் தடவை கேட்ட "நாளாக நாளாக" இல்லாமல். இப்போது அரிப்பு போய்விட்டது, ஓரம் பாதி தணிந்திருக்கிறது, நிறம் அப்படியேதான். லேசரைப் பற்றி, தழும்பு முழுதாக முதிர்ந்த பிறகு பேசலாம் என்றிருக்கிறார்.