ஆறு வருடமாக என்னிடம் இருக்கும் அமீபோ கிர்பி

"இதை ஒரு ஸ்டிக்கரில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதாடா?" என் கிர்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நண்பன் கேட்டான். அமீபோ என்றால் நின்டெண்டோவின் விளையாட்டுப் பாத்திரப் பொம்மை; பீடத்துக்குள் ஒரு சிப் இருக்கும், கேம் கன்சோல் அதைப் படிக்கும், அதில் எழுதவும் செய்யும். எங்கே கீழே போட்டுவிடுவானோ என்ற பயத்தில் அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

2019-இல் வாங்கியது. ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் என்ற சண்டை விளையாட்டில் அடிவாங்கி அடிவாங்கி 50-ஆம் லெவலுக்கு வந்தது. என் கெட்ட பழக்கங்களில் சிலவற்றையும் கற்றுக்கொண்டிருக்கிறது. அத்தனையும் பீடத்துக்குள் இருக்கும் என்டேக்215 சிப்பில், வெறும் 540 பைட்டில். இந்தப் பத்தியே அதில் அடங்காது!

சரி, காப்பி விஷயம். முதல் வருடமே முயன்றேன். அதே வகை சிப் உள்ள வெற்று ஸ்டிக்கர் வாங்கி, போனை வைத்து பைட் விடாமல் நகலெடுத்தேன். கன்சோல் ஏற்கவில்லை. காரணம் தெரிந்தபோது, ஏமாற்றத்தை மீறி ரசிக்கத்தான் தோன்றியது. ஒவ்வொரு சிப்பிலும் தொழிற்சாலையிலேயே பதிந்த 7 பைட் அடையாள எண் உண்டு. கன்சோலுக்குள் இருக்கும் மூலச் சாவி என்ற ரகசிய எண்ணோடு இந்த எண்ணையும், சிப்பிலேயே இருக்கும் சில தாறுமாறான பைட்டுகளையும் கலந்துதான் அந்தப் பொம்மைக்கான சாவி பிறக்கிறது. அந்தச் சாவியால் ஏஇஎஸ் என்ற பூட்டு முறையில் தரவைக் குறியாக்கி, தரவு மாறவில்லை என்று காட்டும் எச்மேக் முத்திரையும் குத்திவிடுகிறது கன்சோல். ஸ்டிக்கரின் எண் வேறு, ஆகவே சாவி வேறு, முத்திரை ஒட்டாது. ஒரு பைட்டைத் திருத்தினாலும் இதே கதிதான்.

அப்புறம் எரிச்சல். மூலச் சாவி எல்லாக் கன்சோலுக்கும் ஒன்றே. படிக்கிற சாவிதான் எழுதுகிற சாவியும். அதை யாரோ உருவி எடுத்துப் பல வருடமாகிறது. அது கையில் இருந்தால் எந்த வெற்றுச் சிப்புக்கும் புது முத்திரை குத்திவிடலாம். போலி அமீபோ அட்டைகள் கட்டுக்கட்டாக விற்கின்றன. காசு கொடுத்து வாங்கிய நான் மட்டும் பூட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால், கன்சோல்தான் பொம்மையில் எழுத வேண்டும் என்றால் எழுதும் சாவி அதற்குள் இருந்தே தீரும். ஆனால் 'இது கிர்பி' என்ற அடையாளம் ஆலையில் ஒரே ஒருமுறை எழுதிப் பூட்டப்படுவது. ஆலையை விட்டு வெளியே வராத தனிச் சாவியால் அதற்காவது கையொப்பமிட்டிருக்கலாமே?

"அப்போ வாங்கலாமா, வேண்டாமா?" என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். விலை இறங்கியிருந்ததால் அன்று இரவே நான் ஒரு யோஷி அமீபோ வாங்கினேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.