ஏரிப் பள்ளத்தாக்குப் பயணத்துக்கு ஓர்ட்லீப் பேக்-ரோலர் கிளாசிக் பைகள்

மலைகளுக்கு நடுவே ஏரி கிடக்கும் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணம் போகிறவர்கள் வண்டியைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பையைக் கடைசி வாரத்தில் வாங்குவார்கள். அப்படி வாங்கும் பைதான் அங்கே அதிகம் சோதிக்கப்படுகிறது. விடியற்காலையில் ஏரிக்கரையில் எல்லாவற்றின் மேலும் படியும் ஈரம், மதியத்துக்கு மேல் திரண்டு கொட்டும் இடிமழை, நீண்ட இறக்கத்தில் ஓயாத அதிர்வு, கரையோரச் சாலையில் பக்கவாட்டில் வந்து மோதும் காற்று என்று நான்கையும் ஒரே நாளில் தாங்க வேண்டியிருக்கும். பின்சக்கரக் கேரியரின் இருபுறமும் தொங்கும் ஓர்ட்லீப் பேக்-ரோலர் கிளாசிக் பைகளை இந்த நான்கையும் வைத்தே எடைபோடலாம்.

முதலில் அளவுகள். ஒரு ஜோடியின் கொள்ளளவு 40 லிட்டர், எடை சுமார் 1.9 கிலோ. ஒவ்வொரு பையும் 42 சென்டிமீட்டர் உயரம், 17 சென்டிமீட்டர் தடிமன். பை ஒன்றுக்கு 9 கிலோ வரை ஏற்றலாம் என்பது தயாரிப்பாளர் தரும் வரம்பு. பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி. தையலுக்குப் பதிலாக விளிம்புகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். ஊசித்துளை இல்லாததால் தண்ணீர் புகும் வழியும் இல்லை. ஓர்ட்லீப் நிறுவனம் 1982-இல் ஜெர்மனியில் தொடங்கியது. லாரித் தார்ப்பாய்த் துணியில் சைக்கிள் பை தைத்ததுதான் அதன் முதல் வேலை. அந்தத் தார்ப்பாய்க் குணம் இன்றும் பையில் தெரிகிறது: முரட்டுத்தனம், எளிமை, துடைத்தால் போய்விடும் சேறு.

நீர்காப்புத் தரம் ஐபி64. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்பதுதான் இதன் பொருள். மூழ்கினால் தாங்கும் என்பதல்ல. மழைக்கும் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீருக்கும் இது தாராளம். சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் மலையோடையில் பையோடு இறங்கினால் உள்ளே நனையும். அந்த இடத்தில் பைகளைக் கழற்றித் தோளில் போட்டுக் கடப்பதே சரி.

மூடும் முறையில் ஒரு நியதி உண்டு. பையின் வாயை நேராக்கி, முழங்கையால் அமுக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, குறைந்தது மூன்று முறை, முடிந்தால் நான்கு முறை இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். அதன் பிறகே பக்கிள். பை பிதுங்கப் பிதுங்க நிரப்பிவிட்டு ஒன்றரைச் சுருளோடு மூடினால், காற்றோடு வரும் மழை இரண்டு மூலைகளிலும் கசிந்து இறங்கும். பை ஒழுகுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 20 லிட்டர் பையில் 17 லிட்டருக்கு மேல் அடைக்காமலிருந்தால் இந்தத் தொல்லை வராது.

இனி மாட்டும் முறை. இந்தப் பையின் நல்லதும் கெட்டதும் இங்கேதான் தீர்மானமாகிறது. குயிக்-லாக் 2.1 என்ற அமைப்பில் மேலே இரண்டு கொக்கிகள், கீழே ஆட்டத்தைத் தடுக்கும் ஒரு கொக்கி. கைப்பிடியைத் தூக்கினால் மேல்கொக்கிகளின் பூட்டு திறக்கும், விட்டால் பூட்டிக்கொள்ளும். மேல்கொக்கிகள் 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேரியர் குழாய் வரை பொருந்தும். அதைவிட மெல்லிய குழாய்களுக்காகச் சிறிய பிளாஸ்டிக் செருகுத் துண்டுகள் பையோடு வருகின்றன. நல்ல பயணக் கேரியர்கள் பலவற்றில் குழாய் 10 மில்லிமீட்டர்தான். துபுஸ் கார்கோ ஓர் உதாரணம். செருகுத் துண்டு இல்லாமல் அந்தக் கேரியரில் பையை மாட்டினால் கொக்கிக்கும் குழாய்க்கும் நடுவே 6 மில்லிமீட்டர் வெளி. ஒவ்வொரு குழியிலும் பை துள்ளும், சத்தம் போடும், சில நூறு கிலோமீட்டரில் கேரியரின் பூச்சை அரித்து உலோகத்தைத் தொடும். இந்தத் துண்டுகளைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

பொருத்தும்போது காலிப் பையைக் கேரியரில் தொங்கவிட்டுத் தொடங்குங்கள். சேணத்தில் உட்கார்ந்து, பயணத்தில் போடப்போகும் அதே காலணியோடு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். குதிகாலுக்கும் பைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல்கொக்கிகளைத் தளர்த்திப் பையைப் பின்னால் தள்ளுங்கள். கீழ்ப்பாகம் சரிவாக வெட்டப்பட்டிருப்பது குதிகாலுக்கு இடம் தரத்தான். ஆனாலும் பின்சக்கர அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் உள்ள தூரம் 43 சென்டிமீட்டருக்குக் குறைவான வண்டிகளில், பெரிய பாதம் உள்ளவர்களுக்கு இடிக்க வாய்ப்பு உண்டு. அப்போது பையை எவ்வளவு தள்ளினாலும் எடை அச்சுக்குப் பின்னால் போய்விடும்; கேரியரையே மாற்றுவதுதான் வழி.

மேல்கொக்கிகள் இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகியிருக்க முடியுமோ அவ்வளவு விலகியிருக்கட்டும். அவற்றில் ஒன்றாவது கேரியரின் குறுக்குக் கம்பியை ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பை முன்னோக்கி வழுக்காது. கீழ்க்கொக்கியைச் சுழற்றி, கேரியரின் நிற்கும் கம்பிக்குப் பின்னால் மடங்கிப் பிடிக்கும்படி வைத்து முடுக்குங்கள். சோதனை எளிது: பையின் அடிப்பாகத்தைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் இன்னும் சரியாகவில்லை. கற்சாலையில் கீழ்ப்பக்கம் வீசியாடும் பைதான் மேல்கொக்கியை முறித்துக்கொண்டு கழன்று விழுகிறது.

அடுக்குவது தனி வேலை. கருவிகள், அடுப்பு, எரிபொருள், உணவு போன்ற கனமானவை அடியில், சக்கரத்தை ஒட்டிய பக்கத்தில். தூக்கப்பை, துணி மேலே. மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. இரு பைகளின் எடை வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; தொங்கு தராசு இல்லாவிட்டால் இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாய்ந்த எடையும் தளர்ந்த கொக்கியும் சேர்ந்தால் இறக்கத்தில் வேகம் கூடும்போது வண்டி முழுவதும் நடுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும். முழங்கால்களால் சட்டத்தின் மேல்குழாயை அணைத்து, சேணத்திலிருந்து சற்றே எடையை எடுத்து, பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வேண்டும்.

பின்னால் 18 கிலோ ஏற்றினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி அலையும். 8 சதவீதச் சரிவுக்கு மேல் இது நன்றாகத் தெரியும். தண்ணீரையும் கூடாரத்தையும் ஹேண்டிலுக்கோ முன்சக்கரத்தைப் பிடிக்கும் முன்கவைக்கோ மாற்றுவது போதுமான மருந்து. முன்பக்கமும் பெரிய பைகள் மாட்டினால் ஏற்றத்தில் வண்டி நிதானமாகும் என்பது உண்மைதான். ஆனால் ஏரிக்கரைக் காற்றில் அந்தப் பைகள் பாய்மரம் போல ஹேண்டிலைத் திருப்பும். பின்பைகளில் படும் காற்று வண்டியைத் தள்ளும், ஆனால் திசையைப் பிடுங்காது. ஏரிப் பள்ளத்தாக்குக்கு பின்ஜோடி மட்டும் போதும் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அந்தக் காற்றுக்கு நேரக்கணக்கு உண்டு. வெயில் ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று மேலெழுந்து, கீழிருந்து பள்ளத்தாக்கு வழியாக மேல்நோக்கி இழுக்கும், இரவில் தலைகீழ். இத்தாலியின் கார்டா ஏரியில் காலையில் வடக்கிலிருந்து பெலேர், நண்பகலுக்குப் பின் தெற்கிலிருந்து ஓரா என்று இரண்டு காற்றுக்கும் பெயரே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் எங்கடீனில் மட்டும் மலோயா காற்று இந்த விதியை மீறிப் பகலிலேயே பள்ளத்தாக்கின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி வீசுகிறது. போகுமிடத்தின் காற்றை முன்பே விசாரித்து, எதிர்க்காற்றுப் பகுதியை அதிகாலையில் முடித்துவிடுங்கள். சுரங்கப்பாதையை விட்டு வெளியேறும் இடத்திலும், பக்கப் பள்ளத்தாக்கு ஏரியைத் தொடும் இடத்திலும் பக்கக்காற்று சட்டென்று பிடிக்கும். அங்கே வேகத்தைக் குறைத்து, ஓரத்திலிருந்து ஒரு முழம் விலகியே ஓட்டுங்கள்.

சுரங்கப்பாதைக்கு இன்னொன்று: பைகளின் மேல் கூடாரத்தைக் குறுக்கே கட்டினால் சேணத்தடியில் உள்ள சிவப்பு விளக்கு மறைந்துவிடும். விளக்கைக் கேரியரின் பின்முனைக்கு மாற்றுங்கள். பையின் பக்கத்தில் ஒளிரும் பட்டை இருக்கிறது, ஆனால் அது விளக்குக்கு மாற்று அல்ல.

குறைகளில் பெரியது, உள்ளே போன ஈரமும் வெளியே வராது என்பதுதான். தண்ணீரை விடாத துணி ஆவியையும் விடாது. காலையில் பனியில் நனைந்த கூடாரத்தை நேரே உள்ளே போட்டால் மாலைக்குள் மாற்றுத்துணியும் பிசுபிசுக்கும், இரண்டு நாளில் பூஞ்சை வாடை வரும். நனைந்ததை வெளியே கேரியர் மேல் கட்டுங்கள். மதிய ஓய்வில் பையின் வாயைத் திறந்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அடுத்தது அறைகள். உள்ளே ஒரு சிறு பாக்கெட் தவிர முழுப் பையும் ஒரே குழி. மூன்று வெவ்வேறு நிறத் துணிப்பைகளில் பிரித்துப் போட்டால்தான் இருட்டில் தேடியது கிடைக்கும். தோளில் மாட்டும் வாரையும் கவனியுங்கள்: அதைப் பையின் முகப்பில் இழுத்து மாட்டிவிட்டால் கூடுதல் இறுக்கம், தொங்கவிட்டால் ஸ்போக்கிலோ பற்சக்கரத்திலோ சிக்கும். வண்டி ஏறுமுன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டிய விஷயம் இது.

முதுகுத்தட்டை இணைக்கும் திருகுகள் அதிர்வில் தளரும். மூன்று நாளுக்கு ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று விழுந்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் வரும். கேரியரைச் சட்டத்தோடு பிணைக்கும் எம்5 (5 மில்லிமீட்டர் தடிமன்) திருகுகளுக்கும் இதே கவனம் வேண்டும். அவற்றில் முன்பே திருகுப்பசை போட்டுவிடுவது நல்லது. கூடவே இரண்டு உபரி எம்5 திருகு, நான்கு பிளாஸ்டிக் இழுப்புப்பட்டை, ஒரு நீண்ட வார், ஒரு கை நீளத்துக்கு ஒட்டும் துணிநாடா. கிழிசலுக்கு உள்ளும் புறமும் நாடா ஒட்டினால் ஊர் திரும்பும் வரை தாங்கும். ஒட்டுமுன் அந்த இடத்தைக் காயவைத்துத் துடைக்க வேண்டும். கொக்கிகளும் பக்கிள்களும் தனித்தனியாகக் கிடைப்பதால் ஒன்று உடைந்ததற்காகப் பையையே வீசத் தேவையில்லை. உற்பத்திக் குறைக்கு 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு.

பி.வி.சி. வேண்டாம் என்பவர்களுக்கு இதே நிறுவனத்தின் பேக்-ரோலர் பிளஸ் இருக்கிறது. ஜோடி சுமார் 1.7 கிலோ, துணி மென்மை, குளிரில் விறைக்காது. ஆனால் நெசவில் சேறு அப்பிக்கொள்ளும், கழுவ நேரமாகும். தினமும் மழையும் சேறும் என்றால் கிளாசிக்கே என் தேர்வு. வழியில் பாதி தூரம் கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதை என்றால் இரண்டும் வேண்டாம். தாழத் தொங்கும் எந்தப் பக்கப்பையும் அங்கே பாறையில் உரசும். சட்டத்தோடு ஒட்டிக் கட்டும் ஒல்லிப் பைகளுக்குப் போய்விடுங்கள்.